கையொப்பம் பொருந்தவில்லை

ஆமர் வீதிக் கிளையில் இருபத்தாறு வருடம்
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து
நான் சொன்ன வசனம் இது.
இன்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன்.
காசோலையைத் திருப்பித் தள்ளுகிற பெடியனுக்கு
கழுத்துப்பட்டி கொஞ்சம் நீளம்.
'கையொப்பம் பொருந்தேல்லை, மிஸ்.'

அவனில் பிழையில்லை.
அட்டையில் இருக்கிற யசிந்தா
முதலெழுத்தைத் தூக்கி, வால் சுழற்றி முடிப்பவள்.
இவளுடையது தொடங்கும்போது எறும்பு,
முடியும்போது எறும்பின் முட்டை.

டொக்டர் உதேனி படம் கீறிக் காட்டியிருக்கிறார்:
மூளையின் அடியில் கறுப்பாய் ஒரு கீற்று, மை தொட்டதுபோல.
அது வெளிறிக்கொண்டு போகும்.
பாதி போனபிறகுதான் கைக்குத் தெரியவரும்.
அப்படியென்றால் கடைசி வருடங்களில்
நான் எண்ணிக் கொடுத்த தாள்களெல்லாம்
மிச்சமிருந்த மையில்.

கை இப்போதும் எண்ணுகிறது.
பெருவிரல் சுட்டுவிரலை உரசி உரசி
இல்லாத கட்டுகளை,
நூற்றெழுபத்தாறாம் நம்பர் பஸ்ஸில், பூசையில்,
செத்தவீட்டில்.
நித்திரையில் மட்டும்தான் கணக்கு மூடுகிறது.

டோபமினை அப்படியே விழுங்கினால் மூளைக்குள் விடமாட்டார்களாம்.
வாசலில் காவல்.
அதனால் வேறொரு பேரில் வருமாம், வேறு முகத்தோடு;
கடந்து உள்ளே போனபிறகுதான்
தன் பேரைச் சொல்லுமாம்.
நானும் செலஸ்ரினும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
கொழும்பில் இருந்த எங்களுக்கு
இதற்குப் படம் கீறத் தேவையில்லை.

பருப்பும் மீனும் அதே வரிசையில் முண்டியடிக்கும்.
ஆகவே ஆறரைக்கு மாத்திரை, ஏழரைக்குப் பாண்.
ஏழு ஐந்துக்கு
கழுத்தில் யாரோ ஒரு பொத்தானைக் கழற்றுவார்கள்.
கோப்பை தட்டில் கிலுங்காது.
நான் எழும்பி யன்னலைத் திறப்பேன்,
திறக்கத் தேவையில்லாவிட்டாலும்.

மாசியில் இன்னொன்று சேர்ந்தது. சின்னது, வெள்ளை.
வைகாசியில்
சீலைகளுக்கு அடியிலிருந்து செலஸ்ரின் எடுத்தது
நானூற்றுப் பதினொரு லொத்தர் சீட்டு.
நூறு நூறாகக் கட்டி, இறப்பர் வளையம் போட்டு,
மிச்சப் பதினொன்றைத் தனியாக வைத்து.

ஒரு சதம் பிசகாமல் பெட்டி ஒப்படைத்தவள் நான்.
குலுக்கல் நேரத்தில் நெஞ்சு எப்படி அடித்தது என்று
பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை.
கலியாணத்துக்கு முதல்நாள்கூட அப்படி அடித்ததில்லை.

'அது நீங்கள் இல்லை, மருந்து' என்றார் டொக்டர்.
குறைத்தார். இரண்டு கிழமையில் ஆசை
நனைந்த குடைபோல மடங்கிவிட்டது.
செலஸ்ரின் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினார்.
நல்லது.
ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை:
சீட்டுக்குக் கை நீட்டியது மருந்து என்றால்
இருபத்தாறு வருடம் ஒரு தாளையும் தொடாமல் இருந்தது
எந்த மருந்து?

பெடியன் புது அட்டை நீட்டுகிறான்.
மூன்று கட்டம். மூன்று தரம் வைக்கவேண்டும்.
மணி பத்து இருபது. மாத்திரை பத்தரைக்கு.
முதலாவதை அப்போதே வைத்தேன்: எறும்பு.
பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, தண்ணீர் குடித்து,
பதினொன்று ஐந்துக்கு இரண்டாவது:
முதலெழுத்து எழும்பியது, வால் சுழன்றது,
பழைய யசிந்தா ஒரு கிழமை லீவில் வந்ததுபோல.
மூன்றாவதில் தோள் தன்பாட்டில் ஆடத் தொடங்க
கோடு கட்டத்தைத் தாண்டி
அவனுடைய மேசைக்கே போய்விட்டது.

'மூண்டும் ஒண்டில்லையே, மிஸ்.'
'இல்லை' என்றேன்.
'மூண்டும் என்ரைதான்.'
அவன் மனேச்சரைக் கூப்பிடப் போனான்.

வெளியேறும்போது வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டது.
வெறும் தரைதான், தடுக்க ஒன்றுமில்லை,
அதனால்தான் ஒட்டுகிறது.
பின்னால் ஆட்கள் நின்றார்கள்.
காவலுக்கு நிற்கிற சோமரத்ன, என் காலத்து ஆள்,
ஒன்றும் கேட்காமல்
தன் சப்பாத்துக் காலை என் முன்னால் குறுக்கே நீட்டினார்.

தாண்டினேன்.